தூங்குகிறவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்

டிப்போவில் அவருக்கு அலாரம் என்றுதான் பெயர். முப்பத்து நாலு வருடம் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அதில் கடைசி இருபத்திரண்டு வருடமும் அவருடைய வண்டியில் ஏறிய எவரும் நிம்மதியாகக் கண்ணயர்ந்தது கிடையாது. ஒரு தலை ஜன்னல் பக்கம் சாய்ந்தால் போதும், கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்த் தோளில் இரண்டு தட்டு தட்டிவிடுவார். திடுக்கிட்டு விழித்தவர் தன்னுடைய ஸ்டாப் வந்துவிட்டதென்று பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருப்பார். "உட்காருங்க, உட்காருங்க, இன்னும் வரலை" என்று அவரே அமுக்கி உட்கார வைப்பார். பிறகு எதற்கய்யா எழுப்பினாய் என்று கேட்டால் டிக்கெட் கொடுக்க நகர்ந்துவிடுவார்.

இதற்காக மேலே புகார் போயிருக்கிறது. இரண்டு முறை எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்டார்கள். "பயணியின் நலன் கருதி" என்று ஒரே வரியை இரண்டு முறையும் எழுதிக் கொடுத்தார். கிறுக்கு என்று சிலர் சொன்னார்கள், நல்ல மனசு என்று சிலர் சொன்னார்கள். இரண்டுமே சரியில்லை. அந்த மனிதருக்குப் பயம். வெறும் பயம்.

அந்தப் பயம் வந்தது பன்னிரண்டாவது வருடத்தில், ஒரு மத்தியான டிரிப்பில். கடைசி வரிசை ஜன்னலோரம் ஒருவர் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். முன் வரிசையில் குடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்து, "கண்டக்டர், பின்னாடி இருக்கிறவரைக் கொஞ்சம் பாருங்க. எனக்கென்னவோ தூங்குற மாதிரி தெரியலை" என்றாள். அன்றைக்கு டிரைவரோடு கண்டக்டருக்குச் சண்டை. சில்லறை இல்லாத எரிச்சல் வேறு. "தூங்குற மனுஷனை எதுக்கும்மா எழுப்பணும்? வேலை பார்த்த அசதியில தூங்குறாரு. கொஞ்சம் மரியாதை தெரிய வேணாமா?" என்று பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அந்த அம்மாள் முகம் சுண்டிப்போய்த் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். பள்ளிக்கூட ஸ்டாப்பில் இறங்கும்போது ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தாள். கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் போய்த் தோளைத் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

போலீஸில் கேட்டார்கள், டிப்போவில் கேட்டார்கள், வீட்டில் மனைவி கேட்டாள். எல்லாரிடமும் ஒரே பதில்தான் சொன்னார். கடைசி ஸ்டாப்பில்தான் பார்த்தேன். குடை வைத்திருந்த அம்மாளைப் பற்றி மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து வீட்டிலும் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. தூங்குகிற மனைவியின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பார். சந்தேகம் வந்தால் உலுக்குவார். முதலில் அவள் கத்தினாள், தலையணையைத் தூக்கி எறிந்தாள். போகப்போக அதில் அவளுக்கு ஒரு பெருமையே வந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்கு நான் மூச்சு விடுறேனா இல்லையான்னு ராத்திரி பகலா அதே கவலை. உங்க வீட்டுக்காரர் என்னைக்காவது பார்த்திருக்காரா?" என்று அக்கம்பக்கத்துப் பெண்களைக் கேட்பாள். தெருவில் நகைக்காகப் பொறாமைப்பட்ட பெண்கள் உண்டு. இவள் விஷயத்தில் மட்டும் தூக்கம் கெடுவதற்காகப் பொறாமைப்பட்டார்கள்.

ஓய்வு பெற்ற ஆறாவது வருடம் மாப்பிள்ளை வேலை செய்த பம்புசெட் கம்பெனி, நன்றாக விற்ற கிளைக்கு ஐந்து நாள் கப்பல் பயணம் என்று அறிவித்தது. குடும்பத்தோடு வரலாம். மேனேஜரும் வருவார். திரும்பி வந்ததும் புதுக் கிளைக்கு யாரைத் தலைமையாகப் போடுவது என்று அவர்தான் முடிவு செய்வார். மாப்பிள்ளை பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது. பதினோரு வருடமாக ஒரே நாற்காலியில் தேய்ந்துகொண்டிருந்த பிள்ளை.

"மாமா, கப்பல்ல எல்லாரும் ரொம்ப மரியாதையா நடந்துக்குவாங்க. நாமளும் அதே மாதிரி இருந்துட்டா போதும்" என்றான் மாப்பிள்ளை. நாம் என்று அவன் சொன்னது யாரை என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கப்பல் அறையில் ஒரு சிறு புத்தகம் வைத்திருந்தார்கள். பயணிகள் ஒருவருக்கொருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பளபளக்கும் தாளில் அச்சடித்தது. மகள் அதைக் கட்டிலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள். லிஃப்டில் இறங்குகிறவர்களுக்கு முதலில் வழி விடுங்கள். உணவு வரிசையில் கரண்டியை அடுத்தவர் பக்கம் கைப்பிடி இருக்கும்படி வையுங்கள். துண்டைப் போட்டு நாற்காலியை அரை மணி நேரத்துக்கு மேல் பிடித்து வைக்காதீர்கள். ஓய்வெடுக்கும் பயணிகளைத் தொந்தரவு செய்யாதீர்கள். இந்தக் கடைசி வரியை மகள் அப்பாவைப் பார்த்துக்கொண்டே இரண்டு தரம் படித்தாள்.

முதல் நாள் பெரிய சேதம் இல்லை. லிஃப்டில் ஏறியவர் பழக்க தோஷத்தில், "உள்ள தள்ளி நில்லுங்க, நடுவுல இவ்வளவு இடம் கிடக்கு" என்று குரல் கொடுத்தார். கோட்டு சூட்டு போட்ட ஏழு பேர் மறுபேச்சில்லாமல் உள்ளே தள்ளி நின்றார்கள். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றபடி அந்தக் கப்பலின் மரியாதை அவரை மிரட்டத்தான் செய்தது. கதவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார், நீங்கள் முதலில் என்பார், இல்லை நீங்கள் என்று இவர் சொல்ல வேண்டும். பஸ்ஸில் திட்டினால் திட்டுகிறான் என்று தெரியும். இங்கே சிரிக்கிறவர்கள் உள்ளே என்ன நினைக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

இரண்டாம் நாள் மேல்தளத்தில் சாய்வு நாற்காலியில் படுத்திருந்த ஒரு அம்மாளைத் தட்டி எழுப்பிவிட்டார். அவள் போட்ட கூச்சலில் கையிலிருந்த பழரசம் அவள்மேலேயே கொட்டியது. கப்பல் அலுவலகத்திலிருந்து அறைக்கு ஒரு கடிதம் வந்தது. எவ்வளவு பணிவான கடிதம்! தங்கள் ஒத்துழைப்பை நாடுகிறோம் என்று முடிந்திருந்தது. மாப்பிள்ளை அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மகள்தான், "இனிமே யாரையும் தொட மாட்டேன்னு என் கையில அடிச்சு சத்தியம் பண்ணுங்கப்பா" என்று கையை நீட்டினாள். பண்ணினார். மூன்றாம் நாள் முழுக்க இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டே திரிந்தார்.

நான்காம் நாள் மத்தியானம் மகளும் மனைவியும் கீழே மாயாஜாலக் காட்சிக்குப் போய்விட்டார்கள். இருட்டு அரங்கத்தில் பத்துப் பேராவது தூங்குவார்கள் என்று பயந்து அவர் போகவில்லை. மேல்தளத்துக்கு வந்து கம்பியோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே, பத்தடி தூரத்தில், தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு ஒருவர் படுத்திருந்தார். இடது கை நாற்காலிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. விரலில், மாப்பிள்ளை முதல் நாளே தூரத்திலிருந்து காட்டியிருந்த பெரிய பச்சைக்கல் மோதிரம். மேனேஜர்.

வேறு இடம் பார்த்து உட்கார்ந்திருக்கலாம். எழுந்து போகத்தான் நினைத்தார். ஆனால் கண் ஏற்கெனவே அந்த மார்பைத் தேட ஆரம்பித்துவிட்டது. மேனேஜர் தொளதொளவென்று ஒரு சட்டை போட்டிருந்தார். கடல்காற்றில் அது உப்பியது, அமுங்கியது, மறுபடி உப்பியது. அடிப்பது காற்றா மூச்சா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

கால் மணி நேரம் போனது. மேனேஜர் பக்கத்தில் வைத்திருந்த கண்ணாடித் தம்ளரில் ஐஸ் முழுக்கக் கரைந்துவிட்டது. தொங்கிய கை தொங்கியபடியே இருந்தது. உயிருள்ள மனிதன் இவ்வளவு நேரத்தில் ஒரு விரலையாவது அசைத்திருப்பான் என்று தோன்றியது. உடனே தன்னையே அதட்டிக்கொண்டார். சும்மா இரு. அவர் மேனேஜர். பிள்ளையின் பதினோரு வருஷம் அவர் கையில் இருக்கிறது.

சின்ன மேஜையில் இருந்த மேனேஜரின் போன் அதிர ஆரம்பித்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது தடவை அது மேஜை விளிம்புவரை நகர்ந்து வந்துவிட்டது, ஆள் அசையவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த வயதான தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பாடா என்று இவருக்கு உயிர் வந்தது. அந்த அம்மாள் எழுந்தாள். போனை எடுத்தாள். தன் துண்டில் சுற்றி, சத்தம் வராதபடி மேனேஜரின் பைக்குள் வைத்துவிட்டு, பூனை நடை நடந்து திரும்பி வந்து உட்கார்ந்தாள். கணவர் அவளைப் பார்த்து மெச்சுகிற மாதிரி தலையாட்டினார்.

அதற்குப் பிறகு அந்த மேல்தளமே சேர்ந்து அந்த மனிதரைத் தூங்க வைத்தது. பந்து விளையாடிய குழந்தைகள் எறிந்த பந்து அவர் கணுக்காலில் பட்டுத் திரும்பியது. கால் நகரவில்லை. தாய் ஓடிவந்து உதட்டில் விரலை வைத்துக் குழந்தைகளை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். வெயில் முகத்துக்கு வருவதைப் பார்த்து ஒரு பணியாளர் நிழற்குடையைத் திருப்பி வைத்தார். பக்கத்தில் சிரித்துக்கொண்டிருந்த நாலு பேர் குரலைத் தாழ்த்தினார்கள். எவ்வளவு நல்ல மனிதர்கள். ஒருவர்கூடக் கிட்டே போய் அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

கண்டக்டரால் அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய் அந்தப் பணியாளரைப் பிடித்தார்.

"தம்பி, அவரைக் கொஞ்சம் பாருங்க. ரொம்ப நேரமா அசையவே இல்லை."

"தூங்குறாருங்க ஐயா."

"தூக்கம்தானான்னு ஒரு தடவை தொட்டுப் பார்த்துடுங்களேன்."

பணியாளர் அழகாகச் சிரித்தார். "ஓய்வுல இருக்கிற பயணிங்களை நாங்க தொடக் கூடாதுங்க ஐயா. நீங்க கவலைப்படாதீங்க. இன்னும் அரை மணி நேரம் கழிச்சு நானே வந்து பார்க்குறேன்."

அரை மணி நேரம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்ன அதே அரை மணி நேரம். மேனேஜரை மறந்தார், மாப்பிள்ளையை மறந்தார், கையடித்துச் செய்த சத்தியத்தை மறந்தார். கால்கள் தாமாகவே அந்த நாற்காலியிடம் போய்விட்டன. தொங்கிய கையைத் தொட்டார். காற்றில் கிடந்த கை சில்லென்று இருந்தது.

"எந்திரிங்க!" என்று கத்தினார். முப்பத்து நாலு வருடம் என்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல். இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். "சார்! எந்திரிங்க சார்! எந்திரிச்சுடுங்க!"

மேனேஜர் எந்திரித்தார். அலறிக்கொண்டே எந்திரித்தார். காலில் துண்டு சிக்கி நாற்காலியோடு கவிழ்ந்தார். தம்ளர் விழுந்து நொறுங்கியது. தொப்பி காற்றில் பறந்து கம்பியைத் தாண்டிக் கடலில் போய் விழுந்தது. தளத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். மேனேஜர் தரையில் உட்கார்ந்தபடியே இரண்டு காதிலிருந்தும் பஞ்சுபோன்ற அடைப்பான்களை எடுத்தார். கப்பல் ஆட்டத்துக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, காதையும் அடைத்துக்கொண்டு படுத்தவர்.

"உயிரோட இருக்கீங்க" என்றார் கண்டக்டர். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒரு நொடி அவருக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

மேனேஜர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாக எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, சுற்றி நிற்பவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார். "பரவாயில்லை பெரியவரே. உங்க அக்கறைக்கு ரொம்ப நன்றி. நீங்க யாரோட வந்திருக்கீங்க?"

கண்டக்டர் தனியாக வந்தேன் என்று சொல்லிவிட வாயெடுத்தார். அதற்குள் சத்தம் கேட்டுப் படிக்கட்டேறி ஓடிவந்த மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றுவிட்டான். "என் மாமனார் சார்" என்றான். தலை குனிந்துதான் சொன்னான், ஆனால் சொன்னான்.

"ஓ, அப்படியா. சந்தோஷம்" என்றார் மேனேஜர்.

அறை நாலு பேருக்குப் போதாது. ஜன்னலும் கிடையாது. மகள் ஒரு கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். மாப்பிள்ளை கதவில் சாய்ந்து நின்று, "விடு, மாமா வேணும்னா பண்ணாரு? பரவாயில்லை" என்றான். பரவாயில்லை என்ற சொல்லை அன்றைக்கு இரண்டாவது தடவை கேட்கிறார். செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. மனைவி துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்ப்பா? ஒரே ஒரு தடவை, எங்களுக்காக, சும்மா இருக்கக் கூடாதா?" என்றாள் மகள்.

அப்போதுதான் சொன்னார். இருபத்தெட்டு வருடம் உள்ளே வைத்திருந்ததை நின்றுகொண்டே சொன்னார். குடை வைத்திருந்த அம்மாள் வந்து சொன்னதை, தான் மரியாதை தெரியாதா என்று கேட்டதை, நாலு பேர் சிரித்ததை, அவள் திரும்பிப் பார்த்ததை. சொல்லி முடித்தபோது மகள் அழுகையை நிறுத்தியிருந்தாள். எழுந்து வந்து அப்பாவின் முதுகைத் தடவினாள். மாப்பிள்ளை, "பழைய கதை மாமா. உங்க மேல தப்பில்லை" என்று சொல்லிவிட்டு, மேனேஜரைப் பார்த்து மன்னிப்புக் கேட்க அவளையும் கூட்டிக்கொண்டு போனான்.

மனைவி சேலையை மடிப்பதைப் பாதியில் விட்டிருந்தாள்.

"அந்தம்மா திரும்பிப் பார்த்தாங்கன்னு சொன்னீங்களே, உங்களைப் பார்த்தாங்களா, அவரைப் பார்த்தாங்களா?"

"அவரைத்தான்."

அவள் சேலையை அப்படியே கட்டிலில் வைத்தாள். "ராத்திரி எத்தனை தடவை மூக்குல விரலை வைப்பீங்க. தெருப் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"என்ன சொல்ற?"

"எனக்காகன்னு நினைச்சேன். நீங்க என்னைப் பார்க்கவே இல்லையே. தினமும் அந்த ஆளைத்தானே எழுப்பியிருக்கீங்க."

அவள் சொன்னது முழுக்க உண்மை இல்லைதான். ஆனால் எவ்வளவு உண்மை என்று அவருக்கே தெரியவில்லை. கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை அது.

"எனக்கு அசதியா இருக்கு. கொஞ்சம் படுக்கிறேன்" என்றாள். பிறகு, "தயவுசெஞ்சு எழுப்பாதீங்க" என்றாள்.

கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவள் அவரைத் திட்டியிருக்கிறாள், கிண்டல் செய்திருக்கிறாள், தலையணையால் அடித்திருக்கிறாள். தயவுசெய்து என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் எதிர்க் கட்டிலில் உட்கார்ந்தார். கீழே எங்கேயோ ஓடும் என்ஜின் கட்டிலையும் போர்வையையும் ஒரே சீராக அதிர வைத்துக்கொண்டிருந்தது. அந்த அதிர்வில் மூச்சைப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

அரை மணி நேரம் போனது. முக்கால் மணி ஆனது. அவள் எப்போதும் தூக்கத்தில் கால் மாற்றிப் போடுவாள். இன்றைக்குப் போடவில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம் உண்டு. காலையில் மாத்திரை சாப்பிட்டாளா என்று யோசித்தார். பார்த்த ஞாபகம் இல்லை. கேட்கவும் இல்லை. எழுந்து நின்றார். உட்கார்ந்தார். கதவு தட்டப்பட்டது. மகள். சாப்பிடக் கூப்பிட வந்திருந்தாள். அவர் கதவை ஒரு விரல் அளவு திறந்து, "அம்மா தூங்குறா" என்றார்.

"சரிப்பா, தூங்கட்டும்" என்று மகள் அடிமேல் அடி வைத்துப் போனாள்.

அவர் திரும்பி வந்து அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் முதுகு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. இருபத்தெட்டு வருடத்தில் இப்படி ஒரு பயம் அவருக்கு வந்ததே இல்லை. கடைசி வரிசை ஜன்னலோரம் இருந்தவர் நினைவுக்கு வரவேயில்லை. இவள் மட்டும்தான் இருந்தாள்.

"எவ்வளவு நேரம் இப்படியே உட்கார்ந்திருப்பீங்க?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீ எந்திரிக்கிற வரைக்கும்."

"நான் எந்திரிக்கலைன்னா?"

தரையில் உட்கார்ந்திருந்தவர் இறுகப் பற்றிக்கொண்டதில் கட்டில் கால் மெல்லக் கிறீச்சிட்டது. அது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பாமலே ஒரு கையைப் போர்வைக்கு வெளியே எடுத்து, பின்பக்கமாக நீட்டி, கட்டில் விளிம்பில் வைத்தாள். அதைத் தொடலாமா, தொடக் கூடாதா என்று தெரியாமல் அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.